இரவு 11 மணிக்கு 100.6

புற்றுநோய் வார்டில் இரவுப் பணியில் இருக்கும்போது ஃபோன் வந்தால், பேசுவது பெரும்பாலும் நோயாளி இல்லை, கணவனோ மனைவியோதான். "சின்ன விஷயம்தான் சிஸ்டர், தொந்தரவு பண்றேன்" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

அப்படி ஒருவர். மனைவிக்குக் கீமோ முடிந்து 9 நாள். இரவு 11 மணிக்கு 100.6 டிகிரி காய்ச்சல். பாராசிட்டமால் கொடுத்ததும் 99-க்கு இறங்கிவிட்டது. "காலையில் கூட்டிட்டு வரட்டுமா?" என்றார். இப்போதே கிளம்புங்கள் என்றேன். வந்து ரத்தம் எடுத்துப் பார்த்தால் வெள்ளை அணுக்கள் அதலபாதாளத்தில். "காய்ச்சல்தான் விட்டுடுச்சே" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

மாத்திரை இறக்கியது காய்ச்சலைத்தான், கிருமியை இல்லை. பல கீமோ மருந்துகளில் 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் மிகவும் குறையும். அப்போது தொற்று வந்தால் சீழ், சிவப்பு, சளி என்று எதையும் காட்ட உடம்பில் ஆள் இருக்காது. காய்ச்சல் ஒன்றுதான் துப்பு. அதையும் மாத்திரை போட்டு மறைத்துவிடக் கூடாது. முதலில் தெர்மாமீட்டர், 100.4 (38 செல்சியஸ்) தொட்டால் உடனே மருத்துவமனை. சில சமயம் காய்ச்சலே இல்லாமல் குளிர் நடுக்கமும் தளர்ச்சியுமாக வரும், அதற்கும் இதே விதிதான். எமர்ஜென்சி வாசலில் முதல் வாக்கியமே "கீமோ நோயாளி, இன்று 9-ஆம் நாள்" என்று இருக்கட்டும். ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது எங்கள் கணக்கு. காத்திருப்போர் நாற்காலியில் அந்த நேரத்தைத் தொலைக்காதீர்கள்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். வெள்ளை அணு ஏற ஊசி போட்ட மறுநாள் இடுப்பெலும்பு விண்விண்ணென்று வலிக்கும். எலும்புக்குப் பரவிவிட்டது என்று இரண்டு பேரும் முடிவே கட்டிவிடுவார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மஜ்ஜை மும்முரமாக வேலை செய்வதால் வரும் வலி அது, சில நாளில் அடங்கும். ஆனால் முதுகுவலியோடு கால் தளர்ந்தால், மரத்துப்போனால், சிறுநீர் வராமல் நின்றால் அது வேறு கதை. கட்டி தண்டுவடத்தை நெரிக்கலாம், விடியும்வரை காத்திருக்கவே கூடாது. ஒரு கால் மட்டும் வீங்குவதும் திடீர் மூச்சுத்திணறலும் ரத்தக்கட்டியாக இருக்கலாம். வீங்கிய காலைத் தேய்த்துவிட வேண்டாம். இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோய்மேல் ஏவும் சிகிச்சை) எடுத்தவருக்கு விடாமல் வயிற்றுப்போக்கு என்றால், சிகிச்சை முடிந்து மாதங்கள் ஆகியிருந்தாலும் கடை மருந்தில் நிறுத்தப் பார்க்காமல் எங்களைக் கூப்பிடுங்கள்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டவர்கள்கூட இரவில் சொதப்புவதைப் பார்த்திருக்கிறேன். தெரியாததால் இல்லை, சண்டையால். "நாளைக்குப் போகலாம், திரும்ப அட்மிட் பண்ணிடுவாங்க" என்று நோயாளி பிடிவாதம் பிடிப்பார். வற்புறுத்தினால் கோபம், விட்டுவிட்டால் பயம். இன்னொன்றும் உண்டு. துணையின் முகம் வெளிறுவதைப் பார்க்கச் சகிக்காமல் வலியையே மறைத்துவிடுகிறவர்கள் ஏராளம்.

அதனால் நான் சொல்வது: உடம்பு நன்றாக இருக்கும் ஒரு பகலில் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி, எது எது வந்தால் கேள்வி கேட்காமல் கிளம்புவது என்று உங்கள் டாக்டரைக் கேட்டு எழுதி வைத்துவிடுங்கள். கீமோ தேதி, மருந்துப் பெயர்கள், ஒவ்வாமை எல்லாம் அந்தத் தாளிலேயே இருக்கட்டும். இரவு 11 மணிக்கு அந்தத் தாள் முடிவு செய்யட்டும், நீங்கள் வில்லனாக வேண்டாம். பட்டியலில் இல்லாத, லேசான புதுத் தொந்தரவா? நேரம் போட்டுக் குறித்து வைத்து, பகலில் கூப்பிட்டுக் கேளுங்கள். அப்புறம், ஸ்கேன் ரிப்போர்ட்டை நள்ளிரவில் தனியாகத் திறந்து இணையத்தில் ஒவ்வொரு சொல்லாகத் தேடாதீர்கள். அது யாருக்கும் நல்லது செய்து நான் பார்த்ததில்லை.

அன்று மனைவிக்கு ஆன்டிபயாடிக் ஏறிக்கொண்டிருந்தபோது அவர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். முகம் சரியில்லை. உட்கார வைத்து பி.பி. பார்த்தேன், எகிறியிருந்தது.

"மாத்திரை கடைசியா எப்போ போட்டீங்க?"

"11 மணிக்குக் கொடுத்தேனே சிஸ்டர்" என்றார்.

நான் கேட்டது அவருடைய மாத்திரையை.