கரையொதுங்கிய உயிரைக் கடலில் தள்ளுமுன்

கரையில் ஒரு டால்பின் உயிரோடு கிடக்கிறது என்றதும் கூட்டத்தில் முதலில் எழும் குரல், "தூக்கிக் கடல்ல விடுங்கப்பா" என்பதுதான். இரண்டு பேர் வாலைப் பிடித்து இழுப்பார்கள். ஒருவர் தலைப்பக்கம் நின்று தள்ளுவார். இன்னொருவர் குடத்துத் தண்ணீரை உச்சந்தலையில் கவிழ்ப்பார். எல்லாம் நல்ல மனதோடு நடப்பவைதான். ஆனால் வாலை இழுத்தால் முதுகெலும்பு மூட்டு விலகும். தலைமேல் உள்ள மூச்சுத்துளை திறந்திருக்கும் நொடியில் தண்ணீர் விழுந்தால் நேரே நுரையீரலுக்குப் போகும். நோயால் நீந்த முடியாமல் கரைக்கு வந்ததை அலைக்குள் தள்ளினால் அது மூழ்கிச் சாகும், அல்லது இரண்டு கிலோமீட்டர் தள்ளி மறுபடி ஒதுங்கும்.

கரைக்கு வரும் எல்லா உயிருக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. சிலவற்றை அந்த நிமிடமே விட வேண்டும், சிலவற்றை ஒரு நாள் வரை விடவே கூடாது. கடலோரத் தன்னார்வலர் கற்க வேண்டியதில் பாதி இந்தப் பிரித்தறிதல்தான்.

அதற்கும் முன்னால் ஒரு போன். வனத்துறையின் வனச்சரக அலுவலக எண் உங்கள் கைபேசியில் முன்கூட்டியே இருக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் கடலோரக் காவல் உதவி எண் 1093, இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554. சொல்ல வேண்டியவை: இடம், அருகில் உள்ள கோயிலோ கலங்கரை விளக்கமோ, உயிர் இருக்கிறதா, எத்தனை, எத்தனை அடி நீளம், தண்ணீர் ஏறுகிறதா வற்றுகிறதா. பக்கவாட்டில் முழு உடலும் தெரிய ஒரு படம், தலையை மட்டும் ஒரு படம். இவற்றை வைத்தே மருத்துவர் பாதி முடிவை வழியிலேயே எடுத்துவிடுவார். கடல் ஆமை, டால்பின், திமிங்கலம், ஆவுளியா என்கிற கடல்பசு, திமிங்கலச் சுறா எல்லாமே 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. தகவல் சொல்லாமல் வேறிடத்துக்குக் கொண்டுபோவது, உதவி செய்யும் நோக்கத்தில் என்றாலும், சிக்கலில்தான் முடியும். 2021 ஜனவரியில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் பெரிய கடல் உயிரினங்கள் கரையொதுங்குவதைக் கையாள்வது பற்றித் தனியாக வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. குழுவாக இயங்குகிறவர்கள் ஒருமுறையாவது அதைப் படித்திருக்க வேண்டும்.

ஆமைகள்

தமிழகக் கரையில் தன்னார்வலரிடம் அதிகம் வந்து சேர்வது பங்குனி ஆமை. வளர்ந்தது 35 முதல் 45 கிலோ இருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை முட்டையிடக் கரையை நெருங்கும் இவை விசைப்படகு இழுத்துச் செல்லும் பை போன்ற வலையான இழுவை மடியில் சிக்குகின்றன. மடி மணிக்கணக்கில் இழுபடும். ஓய்வாக இருக்கும் ஆமை நெடுநேரம் மூச்சடக்கக் கூடியதுதான். வலைக்குள் அடித்துக்கொள்ளும் ஆமைக்கோ பிராணவாயு சீக்கிரம் தீர்ந்துவிடும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியது பலருக்கு நினைவிருக்கும். கிழக்குக் கரையின் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14 வரை. முட்டையிடும் பருவத்தின் உச்சம் அது தொடங்கும் முன்பே முடிந்துவிடும். அந்தத் தடையால் ஆமை தப்பித்துக்கொள்கிறது என்ற நம்பிக்கைக்கு நாட்காட்டியில் ஆதாரமில்லை. ஆமையைக் காப்பது கரையை ஒட்டி இழுவை ஓட்டக்கூடாது என்ற விதியும், சிக்கிய ஆமை வெளியேற வழிவிடும்படி மடியில் பொருத்தும் ஆமை விலக்குச் சாதனமும்தான்.

மூழ்கிய ஆமை செத்ததைப் போலவே கிடக்கும். கழுத்து தொங்கும், துடுப்பு அசையாது. பலர் அதைக் கைவிட்டுவிடுகிறார்கள், இல்லையென்றால் "தண்ணி பட்டா முழிச்சிக்கும்" என்று கடலில் போட்டுவிடுகிறார்கள். இரண்டாவதுதான் மோசம். நினைவில்லாத ஆமை தண்ணீருக்குள் மூச்செடுக்கத் தலை தூக்காது.

செய்ய வேண்டியது இது. ஆமையை வயிறு கீழாக வைக்கவும். மல்லாத்திப் போடக் கூடாது, அடிவயிற்றை அமுக்கவோ மிதிக்கவோ கூடாது. அப்படிச் செய்தால் தண்ணீர் வெளியேறாது, உள்ளுறுப்புகள்தான் நுரையீரலை நெருக்கும். பின்பக்கத்தைக் குறைந்தது 15 சென்டிமீட்டர் உயர்த்தி, தலை தாழ்ந்திருக்கும்படி வைக்கவும். பெரிய ஆமையானால் இன்னும் சற்று உயரம் வேண்டும். படகில் என்றால் பழைய டயரோ கயிற்றுச் சுருளோ போதும், கரையில் மணல் மூட்டை. வாய், மூக்கு வழியாக நீர் மெல்ல வடியும். அவ்வப்போது ஓட்டின் இரு ஓரத்தையும் பிடித்து ஒரு பக்கம் சில விரற்கடை தூக்கி, பிறகு மறுபக்கம் தூக்கி, மெதுவாக ஆட்டிவிடவும். நிழல் வேண்டும். ஈரத்துணி ஓட்டின்மேலும் துடுப்பின்மேலும் இருக்கட்டும், மூக்கின்மேல் வேண்டாம். கண்ணோரத்தை விரல் நுனியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள், வாலை மெல்லக் கிள்ளிப் பாருங்கள். சுருங்கினால் உயிர் இருக்கிறது. சுருங்காவிட்டாலும் உடனே முடிவுகட்ட வேண்டாம். 4 மணி நேரத்தில் தேறுவதும் உண்டு, 24 மணி நேரம் வரை காத்திருப்பதும் உண்டு. அதுவரை தொட்டியில், வாளியில், எந்தத் தண்ணீரிலும் இறக்கக் கூடாது. உணவோ குடிநீரோ வேண்டாம்.

தேறியதற்கு அடையாளம், தலையைத் தானே தூக்கி மூச்செடுப்பதும் நான்கு துடுப்பையும் வலுவாக வீசுவதும். படகிலிருந்து விடுவதானால் எஞ்சினை நியூட்ரலில் போட்டு, பக்கத்தில் வலை எதுவும் இழுபடாத இடத்தில் தலை முதலாக நழுவ விடவும். காற்றாடி சுழலும்போது விட்டால் அத்தனை மணி நேரக் காவலும் வீண்.

கரையில் ஆமையைத் தூக்கும்போது ஓட்டின் முன்விளிம்பில் கழுத்துக்கு மேலும், பின்விளிம்பில் வாலுக்கு மேலும் பிடிக்க வேண்டும். துடுப்பைப் பிடித்துத் தூக்கினால் தோள்மூட்டு கழன்றுவிடும். அழுங்காமையும் பெருந்தலை ஆமையும் கடித்தால் விரல் மிஞ்சாது. தலைக்கு நேரே கை போகவேண்டாம்.

வலைத்துண்டு சுற்றிய ஆமை இன்னொரு வகை. நைலான் கயிறு தோலுக்கு வெளியே இருந்தால், மழுங்கிய முனை உள்ள கத்தரிக்கோலால் உடலிலிருந்து விலக்கி வெட்டவும். சதைக்குள் இறங்கிப் புண்ணாகியிருந்தால் தொங்கும் பகுதியை மட்டும் வெட்டிவிட்டு மீதியை மருத்துவருக்கு விடுங்கள். அங்கே இரத்தக் குழாய் அந்தக் கயிற்றாலேயே அடைபட்டிருக்கக் கூடும். வாயிலிருந்தோ பின்வாயிலிருந்தோ தூண்டில் நரம்பு தொங்கினால் ஒருபோதும் இழுக்காதீர்கள். குடல் முழுக்க ஓடும் நரம்பை இழுத்தால் குடல் சுருங்கி அறுபடும். ஓரடிக்கு மேல் நீளம் விட்டு நறுக்கினால் மருத்துவர் கண்டுபிடிக்க வசதி. ஓடெல்லாம் கொட்டலசு (ஒட்டி வளரும் சிறு கடலுயிர்) அப்பிய, மெலிந்த ஆமை வெகுநாளாக நோயில் மிதந்தது. அலசைச் சுரண்ட வேண்டாம், கடலுக்கு அனுப்பவும் வேண்டாம், சிகிச்சைதான்.

ஒரு விஷயம் மறக்கக் கூடாது. முட்டையிடும் மாதங்களில் இரவில் மணலில் ஏறிவரும் ஆமை பெரும்பாலும் கரையொதுங்கியதல்ல, முட்டையிட வந்த தாய். அதைத் 'திருப்பி அனுப்பிய' மீட்பர்களும் உண்டு. டார்ச்சை அணைத்துவிட்டுப் பின்னால் விலகி நிற்பதுதான் அப்போது உதவி.

டால்பினும் திமிங்கலமும்

தென்கடலோரத்தில் ஓங்கில் என்று சொல்லப்படும் டால்பின் நம்மைப் போல் காற்றைச் சுவாசிப்பது. ஆகவே கரையில் அதற்கு உடனடி ஆபத்து மூச்சுமுட்டல் அல்ல, சூடும் சொந்த எடையும். தோலுக்கடியில் உள்ள கொழுப்பு உடற்சூட்டை உள்ளேயே அடைத்து வைக்கிறது. வெப்பம் வெளியேறும் வழி துடுப்பும் முதுகுத்துடுப்பும் வாலும். தண்ணீரை அங்கேதான் அதிகம் ஊற்ற வேண்டும். வெள்ளைப் பருத்தி வேட்டியை நனைத்து உடலில் போர்த்தலாம், மூச்சுத்துளையையும் கண்ணையும் விட்டுவிட்டு. மூச்சுத்துளை திறந்து மூடியதும் ஊற்றுங்கள், அடுத்த மூச்சுக்கு முன் நிறுத்துங்கள். மேலே தார்ப்பாய் கட்டி நிழல் செய்யவும்.

ஒருக்களித்துக் கிடந்தால், வாலையும் துடுப்பையும் தொடாமல், உடலோடு அணைத்து மெல்ல வயிறு கீழாகத் திருப்ப வேண்டும். பக்கத் துடுப்புகளுக்குக் கீழே கையாலேயே மணலைத் தோண்டிக் குழியாக்கி, அதில் தண்ணீர் தேங்க விட்டால் துடுப்பு மடங்காது, குளிர்ச்சியும் கிடைக்கும். எடை கடலில் தெரியாது. மணலில் கிடக்கக் கிடக்க, கீழ்ப்பக்கத் தசை நசுங்கி அதன் நச்சுப் பொருள் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. நீந்திப் போன பிறகும் சில செத்து ஒதுங்குவதற்கு இது ஒரு காரணம்.

ஒருவர் எழுதுவதற்கென்றே இருக்க வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணிக் குறிக்கவும். அமைதியான டால்பினுக்கு 2 முதல் 4. எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் கூட்டத்தைத் தள்ளி நிறுத்துங்கள், பேச்சைக் குறையுங்கள், டிரோனை இறக்கச் சொல்லுங்கள். அதன் மூச்சுக் காற்றில் மனிதருக்குத் தொற்றும் கிருமி இருக்கலாம் என்பதால் முகக்கவசமும் கையுறையும் வேண்டும். கும்பிட விரும்புகிறவர்கள் தள்ளி நின்று கும்பிடட்டும். மஞ்சளும் குங்குமமும் சூடமும் கிட்டே வேண்டாம்.

தனியாக ஒதுங்கிய டால்பின் பெரும்பாலும் நோயாளி. கால்நடை மருத்துவர் பார்க்காமல் அதைக் கடலில் விடுவது நம் மனநிம்மதிக்காகச் செய்வது. கூட்டமாக ஒதுங்கும் குட்டைத்துடுப்புப் பைலட் திமிங்கலங்களின் கதை வேறு. அவற்றில் பல நல்ல உடல்நிலையோடே இருக்கும். கூட்டத்தைப் பிரியாத குணம் அவற்றைக் கரைக்கு இழுத்து வந்திருக்கும்.

தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டை ஒட்டிய கரையில் 1973 ஜனவரியில் 147 பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. அதே கரையில் 2016 ஜனவரி 11 மாலை தொடங்கி எண்பதுக்கும் மேற்பட்டவை ஒதுங்கின. மீனவர்கள் இரவெல்லாம் தள்ளினார்கள், படகில் கட்டி இழுத்தார்கள். விடப்பட்டவற்றில் பல திரும்பி வந்தன. நாற்பதுக்கும் மேற்பட்டவை இறந்தன. ஒன்றொன்றாக விட்டால் இதுதான் நடக்கும். கரையில் கிடப்பவை எழுப்பும் ஒலி, கடலுக்குள் போனதைத் திரும்ப அழைக்கும். 2020 நவம்பர் 2 அன்று இலங்கையின் பாணந்துறையில் நூற்றுக்கும் மேற்பட்டவை ஒதுங்கியபோது கடற்படை, கடலோரக் காவல்படை, ஊர்மக்கள், நீர்ஸ்கூட்டர் வைத்திருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து விடியும்வரை உழைத்தார்கள். பெரும்பாலானவை ஆழத்துக்குப் போய்விட்டன, இறந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். அங்கே ஆளும் படகும் ஒரே இரவில் ஒரே நேரத்தில் குவிந்தன.

ஆகவே கூட்டமாக ஒதுங்கினால்: முதலில் எல்லாவற்றையும் நிமிர்த்தி, நனைத்து, உயிரோடு வைக்கவும். தண்ணீர் ஏறும் நேரத்துக்காகக் காத்திருக்கவும். மார்பளவு நீரில் ஒவ்வொன்றையும் பிடித்து இருபக்கமும் மெல்ல ஆட்டினால் மரத்துப்போன உடலுக்குச் சமநிலை திரும்பும். தாயையும் குட்டியையும் பிரிக்கக் கூடாது. போதிய எண்ணிக்கை மிதந்த பிறகு எல்லாவற்றையும் சேர்த்து விட வேண்டும், படகுகள் கரைப்பக்கம் வரிசையாக நின்று திரும்பவிடாமல் மறிக்க வேண்டும். தூக்குவதற்குத் தார்ப்பாயை உடலுக்கடியில் செலுத்த வேண்டும். 150 கிலோ டால்பினுக்கே எட்டுப் பேர் வேண்டும். வளர்ந்த ஆண் பைலட் திமிங்கலம் டன் கணக்கில் இருக்கும், அதைக் கடலின் ஏற்றநீரைத் தவிர எதனாலும் நகர்த்த முடியாது. வாலில் கயிறு கட்டி ஜேசிபியால் இழுப்பது மீட்பே ஆகாது. வால் வீச்சுக்குள் யாரும் நிற்கக் கூடாது, ஒரே வீச்சில் கால் எலும்பு முறியும்.

வலைக்குள் சிக்கியவை

காத்திருக்கக் கூடாதவை இவை. பாக் நீரிணையில் கரைவலையிலோ செவுள்வலையிலோ மாட்டும் ஆவுளியா சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்செடுத்தாக வேண்டும். அதைக் கரைக்கு இழுத்துவந்து பார்க்க நேரமில்லை. தண்ணீரிலேயே வைத்து, மூக்கை மேலே தாங்கி, வலையை வெட்டி விடுவதுதான் வழி. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் 2022 செப்டம்பரில் ஆவுளியா காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே ஆவுளியாக்கள் தப்புவதில் பெரும்பங்கு வலையைக் கிழித்து விடும் மீனவர்களுக்கு. ஆகவே தன்னார்வலரின் வேலை, வெட்டிய வலையைப் படமெடுத்து, படகு எண்ணோடு வனத்துறைக்கு அனுப்பி, ஊக்கத்தொகை கிடைக்க உடன் நிற்பது. வெட்டிய வலைக்குக் காசு கிடைத்த ஊரில் அடுத்த ஆவுளியாவும் பிழைக்கும். குஜராத்தில் 2004 முதல் திமிங்கலச் சுறாவைக் காப்பாற்றியதும் இந்தக் கணக்குதான். சுறா மீன் என்பதால் செவுள் வழியாக நீர் ஓட வேண்டும், வாலில் கயிறு கட்டிப் பின்னோக்கி இழுத்தால் அது நின்றுவிடும்.

இறந்து ஒதுங்கியவை

செத்ததற்கும் வேலை உண்டு. வீங்கிய திமிங்கலத்தைக் குத்திப் பார்க்காதீர்கள், உள்ளே அழுத்தத்தில் வாயு இருக்கும். திமிங்கலத்தின் குடலில் உருவாகும், விலை அதிகமுள்ள அம்பர்கிரிஸைத் தேடிக் கத்தியோடு வருகிறவர்களை வனத்துறையிடம் சொல்லுங்கள், அதை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். மூக்கு நுனியிலிருந்து வால் பிளவு வரை நேர்கோட்டில் அளக்கவும், உடல் வளைவோடு அல்ல. ஆமைக்கு ஓட்டின் நீள அகலம். பாலினம், வெட்டுக்காயம், கயிற்றுத் தடம், அழுகிய நிலை, நாள், இடம் எல்லாம் குறிக்கவும். கூறாய்வு முடிந்ததும், ஏற்றநீர் தொடாத மேட்டில் ஆழமாகப் புதைக்க வேண்டும். உடனே புதைக்க முடியாத ஆமையின் ஓட்டில் பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அடுத்த நாள் ரோந்து வருகிறவர் அதையே இன்னொரு சாவாக எண்ணிவிடக் கூடாது.