பம்ப்பைக் கழற்றும் முன் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள்

சென்ற வாரம் சங்ககிரியில் சிமென்ட் ஏற்றிய பன்னிரண்டு சக்கர லாரி ஒன்று, தொப்பூர் ஏற்றத்தில் இழுக்க முடியாமல் திணறி, கடைசியில் என் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன்பே இரண்டு பட்டறைகளைப் பார்த்துவிட்ட வண்டி. டீசலை அழுத்தித் தள்ளும் ஹை பிரஷர் பம்ப் புதிது. சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் ஆறு இன்ஜெக்டர்களையும் கழற்றிச் சோதித்திருந்தார்கள். உரிமையாளர் செலவுக் கணக்கைச் சொன்னபோது எனக்கே வயிறு எரிந்தது. குறை மட்டும் அப்படியே இருந்தது. இந்த மாதத்தில் இது நான்காவது லாரி.

ஸ்கேனர் பி0087 என்ற குறைக் குறியீட்டைக் காட்டியிருக்கிறது. ரயிலில், அதாவது எல்லா இன்ஜெக்டர்களுக்கும் டீசலைப் பகிரும் பொதுக் குழாயில், அழுத்தம் போதவில்லை என்பதுதான் அதன் பொருள். பம்ப் கெட்டுவிட்டது என்று அது சொல்லவே இல்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால், மோட்டாரை மாற்றும் முன் கிணற்றை எட்டிப் பார்க்க மாட்டோமா?

டேங்கிலிருந்து வரும் குழாயில் லீக் இருக்கலாம் என்றால், "டீசல் எங்கும் ஒழுகவில்லையே, லீக் எப்படி இருக்கும்?" என்கிறார்கள். இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. இது போன்ற வண்டிகளில் டேங்கிலிருந்து, ஹை பிரஷர் பம்புக்கு டீசல் கொடுக்கும் ஃபீட் பம்ப் வரை டீசல் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. கீறல் விழுந்த உறிஞ்சுகுழலில் இளநீர் குடித்துப் பாருங்கள். வெளியே ஒரு சொட்டும் சிந்தாது, வாய்க்குக் காற்றுதான் வரும். இரவில் நிறுத்திய வண்டி காலையில் நெடுநேரம் சுற்றியபிறகே ஸ்டார்ட் ஆகிறதா? முதல் சந்தேகம் இங்கேதான் இருக்க வேண்டும்.

ஃபீட் பம்ப்புக்கு முன்னால் உள்ளே ஓடுவது தெரியும் ஒரு முழக் குழாயை மாட்டி இன்ஜினை ஓட்டினேன். சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் குமிழிகள் வந்தன. முதல் ஃபில்டரை யாரோ சாலையோரத்தில் மாற்றியபோது அதன் ரப்பர் வளையம் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அந்த வளையத்தின் விலை 40 ரூபாய்.

வண்டி இழுக்காதபோது டேங்க் மூடியைத் திறங்கள். புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்து, பிறகு வண்டியும் இழுத்தால், மூச்சுத்துளை அடைத்திருக்கிறது. டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செபரேட்டரில் வடிவதைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வையுங்கள். தண்ணீர் அடியில் தங்கும். புது ஃபில்டரில் கேனிலிருந்து டீசலை ஊற்றாதீர்கள், வடிகட்டாத தூசு உள்ளே போய்விடும்; கைப்பம்பால் ஏற்றுங்கள். இன்ஜெக்டருக்குள் இருக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான்.

பழைய மெக்கானிக் அண்ணன்மார்களிடம் ஒரு வேண்டுகோள். எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, ஓடும் இன்ஜினில் இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்தும் பழக்கம் காமன் ரயிலில் வேண்டாம். லாரி டயரில் இருக்கும் காற்றழுத்தம் 8 பார் அளவு. பாரத்தோடு ஏறும்போது ரயிலில் 1,600 பாரையும் தாண்டும், சும்மா ஓடும்போதே சில நூறு. கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள், ஓர் அட்டைத் துண்டைக் காட்டுங்கள். ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளி தோலில் பட்டாலும், வலிக்காவிட்டாலும், அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போங்கள்.

கழற்றிய பழைய பம்ப் அந்த லாரியின் கேபினில் சாக்கில் சுற்றிக் கிடந்தது. டெஸ்ட் பெஞ்சில் ஏற்றிப் பார்த்தேன். அழுத்தம் சரியாக இருந்தது.