ஈர விரலை போன் ஏன் ஏற்பதில்லை?

கடலூர் முதுநகர் துறைமுகத்துக்கு விடியற்காலையில் மீன் வாங்கப் போகிறவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். ஐஸுக்குள் கைவிட்டு வஞ்சிரத்தை எடுத்துப் போட்ட அக்கா, பணம் வந்துவிட்டதா என்று பார்க்க போனைத் தொடுவார். திரை அசையாது. அசைந்தாலும் தொடாத இடம் திறக்கும். முந்தானையில் விரலைத் துடைப்பார், தொடுவார், மறுபடி துடைப்பார். போன வாரம் என்னிடமே கேட்டுவிட்டார்: "ஏந் தம்பி, கண்ணாடிதான இது? ஈரம் பட்டா கண்ணாடிக்கு என்னா?"

கண்ணாடிக்கு ஒன்றும் ஆவதில்லை. அதற்கு அடியில் இருக்கும் வலைதான் குழம்பிப்போகிறது.

இன்றைய போன் திரை நம் விரலின் அழுத்தத்தைப் பார்ப்பதே இல்லை. கண்ணாடிக்குக் கீழே இண்டியம் டின் ஆக்சைடு என்ற பொருளை மெல்லிய கோடுகளாகப் படிய வைத்திருக்கிறார்கள். மின்சாரம் கடத்தும், ஒளியையும் விடும் என்பதால் அது கண்ணுக்குத் தெரியாது. சில கோடுகள் குறுக்கே, சில நெடுக்கே. இரண்டும் சந்திக்கும் ஒவ்வொரு இடமும் ஒரு குட்டி மின்தேக்கி, அதாவது மின்னூட்டத்தைக் கொஞ்சம் பிடித்து வைக்கும் அமைப்பு. குறுக்குக் கோடுகளில் ஒவ்வொன்றாக மின்துடிப்பை அனுப்பி, நெடுக்குக் கோடுகளில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று ஒரு சில்லு அளந்துகொண்டே இருக்கும். நொடிக்கு 60 தடவைக்குக் குறையாமல் முழுத் திரையையும் அது அளந்து முடிக்கிறது.

நம் உடம்பு உப்புத் தண்ணீர் நிறைந்த பை, மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். விரல் அருகே வந்ததும் அந்த இடத்து மின்புலத்தில் ஒரு பங்கு உடம்பு வழியாகப் போய்விடுகிறது, மறுபக்கம் சேரும் அளவு குறைகிறது. குறைந்த இடம்தான் விரல் இருக்கும் இடம். இதில் என்னை மிகவும் வியக்க வைத்தது அந்தச் சில்லு போடும் கணக்கு. கோடுகளுக்கு இடையே நாலைந்து மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. ஆனாலும் ஒரு சின்ன எழுத்தைத் துல்லியமாகத் தொட முடிகிறது. விரல் ஒரே நேரத்தில் பக்கத்துச் சந்திப்புகளையும் கொஞ்சம் கொஞ்சம் பாதிக்கும். எங்கே அதிகம், எங்கே குறைவு என்று எடைபோட்டு, நடுப்புள்ளியை மில்லிமீட்டரை விடவும் நுணுக்கமாகச் சில்லு கண்டுபிடித்துவிடுகிறது.

இனி அக்காவின் கைக்கு வருவோம். தனியாக நிற்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் வலையின் அளவை விரலுக்கு எதிர்த்திசையில் மாற்றுகிறது. அதனால் சில்லு அதை ஓரளவு அடையாளம் கண்டு ஒதுக்கிவிடும். அதே நீர் படலமாகப் பரவி, அதில் விரலும் பட்டால் கதை வேறு. மீன் ஐஸ் உருகிய தண்ணீரில் உப்பும் சேர்ந்திருக்கும், கடத்தும் திறன் கூடும். படலம் முழுவதும் விரலின் நீட்சியாகிவிடுகிறது. ஒரு விரல் எங்கே முடிகிறது என்றே சில்லுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து ஒரு கவலை மீனைத் துடைத்து, கையில் பிடித்துக்கொண்டு அதன் தலைப்பக்கத்தைத் திரையில் வைத்தேன். செயலி திறந்தது! பேனா மூடியை வைத்து எவ்வளவு அழுத்தினாலும் திறக்கவில்லை. மின்சாரம் கடத்துவது எதுவோ அதுதான் இந்தத் திரைக்கு விரல்.

ஈரமோ கையுறையோ பொருட்படுத்தாத திரையும் உண்டு, மின்தடைத் திரை. குச்சியோடு வந்த பழைய போன்களில் இருந்தது இதுதான். 1994-ல் வந்த ஐபிஎம் சைமன் அப்படிப்பட்டது. மேலே வளையும் பிளாஸ்டிக், கீழே கண்ணாடி, இரண்டிலும் கடத்தும் பூச்சு, நடுவே அவற்றை ஒட்டவிடாத நுண்புள்ளிகள். அழுத்தினால் இரண்டு பூச்சும் தொட்டுக்கொள்ளும். ஒரு பூச்சின் இடது ஓரத்தில் 0, வலது ஓரத்தில் 5 வோல்ட் கொடுத்து, தொட்ட இடத்தில் 2 வோல்ட் கிடைத்தால், இடமிருந்து ஐந்தில் இரண்டு பங்கு தூரம். மேல்கீழுக்கும் அதே கணக்கு. எளிமை, மலிவு. ஆனால் சாதாரண வகையில் இரண்டு விரல் வைத்தால் இரண்டுக்கும் நடுவே எங்கோ ஒரு புள்ளியைத்தான் காட்டும். பிளாஸ்டிக் கீறும், வெளிச்சமும் மங்கும். மீன் அங்காடிக்கு மட்டும் யோசித்தால் நான் இதைத்தான் கேட்பேன்.

பள்ளிகளில் மாட்டியிருக்கும் பெரிய ஸ்மார்ட் போர்டுகள் பலவற்றில் திரைக்குத் தொடு உணர்வே கிடையாது. சட்டத்தைச் சுற்றி அகச்சிவப்பு விளக்குகள், எதிரே உணரிகள். விரல் எந்த ஒளிக்கதிரை மறைக்கிறது என்று பார்க்கிறார்கள், அவ்வளவுதான். ஆசிரியையின் முந்தானை உரசினாலும் கோடு விழுவது இதனால்தான்.

இன்றைய போன்களில் இருக்கும் மின்தேக்கத் திரை 2007-ல் ஐபோனுக்காகப் பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பிரிட்டனில் மால்வெர்ன் ரேடார் ஆய்வகத்தின் ஈ. ஏ. ஜான்சன் 1965-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அறைக்காக. அங்கே யாருடைய கையிலும் ஐஸ் தண்ணீர் சொட்டவில்லை.

இந்த வாரம் அக்காவிடம், விரலை மடக்கி மேல்பக்கக் கணுவால் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். நுனிகள் நனைந்திருந்தாலும் கணு காய்ந்திருந்தது. ஒரே தட்டில் திறந்துகொண்டது. "240 வந்துடுச்சி தம்பி" என்று அடுத்த ஆளுக்கு மத்தி அள்ளப் போய்விட்டார்.