சொல் விளக்கம்: லாங் பீரியட் சீஸ்மோமீட்டர்

வீட்டிலேயே நில அதிர்வுக் கருவி செய்யும் ஆர்வலர்கள் பேச்சில் 'லாங் பீரியட்' என்ற சொல் ஓயாமல் அடிபடும். இதைத் தமிழில் 'நீண்டகால நிலநடுக்கமானி' என்று எழுதினால், பல வருடம் ஓடக்கூடிய கருவி என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். கருவியின் ஆயுளுக்கும் இந்தச் சொல்லுக்கும் சம்பந்தமே இல்லை. உள்ளே இருக்கும் எடை ஒருமுறை போய்த் திரும்பி வர எடுக்கும் நேரம்தான் இங்கே பீரியட். தனி ஊசல் பாடத்தில் 'அலைவு நேரம்' என்று படித்தோமே, அதுவேதான்.

சீஸ்மோமீட்டர் என்பதில் இருப்பவை இரண்டு கிரேக்கச் சொற்கள்: சீஸ்மோஸ் என்றால் குலுக்கம், மெட்ரான் என்றால் அளவு. இரண்டையும் சேர்த்து 1841-ல் இந்தப் பெயரைத் தந்தவர் ஸ்காட்லாந்தின் டேவிட் மில்ன். பிற்பாடு ஜப்பானில் நிலநடுக்க ஆய்வால் புகழ்பெற்ற ஜான் மில்ன் வேறு ஆள். ஸ்காட்லாந்தில் காம்ரி என்ற ஊரில் நிலம் அடிக்கடி அதிர்ந்துகொண்டிருந்தது. அதை அளக்க ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் வடிவமைத்த கருவிக்கே இந்தப் பெயர் அமைந்தது. அது ஒரு தலைகீழ் ஊசல். விறைப்பான கம்பியின் மேல் எடை நிற்கும். எடையை ஏற்றி இறக்கினால் அலைவு நேரம் மாறும். ஆக, பெயர் பெற்ற முதல் கருவியிலேயே அலைவு நேரத்தை நீட்டும் வழி இருந்திருக்கிறது.

ஏன் நீட்ட வேண்டும்? நிலம் அசையும்போது எடை அசையாமல் நின்றால்தான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அளக்க முடியும். ஊசலின் அலைவு நேரத்தைவிட நிலம் மிக மெதுவாக அசைந்தால், எடையும் கூடவே போய்விடும். பதிய ஒன்றும் மிஞ்சாது. தொலைதூர நிலநடுக்கங்களிலிருந்து வரும் மேற்பரப்பு அலைகள் ஒருமுறை ஏறி இறங்க 20 நொடி அளவுக்கு எடுத்துக்கொள்ளும். சாதாரண ஊசலில் 20 நொடி வேண்டுமென்றால் கயிற்றின் நீளம் கிட்டத்தட்ட 100 மீட்டர்!

இதற்கு விடை கிடை ஊசல்: நுனியில் எடை உள்ள ஒரு கை, கீலில் மாட்டிய கேட் போலப் பக்கவாட்டில் ஆடும். வாசல் கேட்டைப் பாருங்கள். தூண் நேராக நின்றால், கேட் விட்ட இடத்தில் நிற்கும். தூண் கொஞ்சம் சாய்ந்தால், மெதுவாக ஒரு பக்கம் வந்து சேரும். அந்தச் சாய்வு எவ்வளவு குறைவோ, அலைவு நேரம் அவ்வளவு நீளும். எடை 30 செ.மீ. கையின் நுனியில் இருந்தால், 20 நொடிக்குத் தேவையான சாய்வு 0.17 டிகிரிதான். மேல் கீல் கீழ்க் கீலுக்கு 30 செ.மீ. மேலே இருக்கிறது என்றால், அது எடை இருக்கும் பக்கமாக ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தள்ளி இருக்க வேண்டும்.

இந்த வகை ஊசலை வைத்துத்தான் 1889 ஏப்ரல் 17 அன்று ஜெர்மனியின் பாட்ஸ்டாமிலும் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனிலும் ஒரு விசித்திரமான அசைவு பதிவானது. கருவியை அமைத்த எர்ன்ஸ்ட் ஃபான் ரெபர்-பாஷ்விட்ஸ், டோக்கியோ நிலநடுக்கச் செய்தியைப் பிறகு படித்துவிட்டு இரண்டையும் இணைத்தார். தொலைதூர நிலநடுக்கம் ஒன்று பதிவாகி அடையாளம் காணப்பட்டது அதுவே முதல்முறை. நூறு வருடம் நெருங்கும்போது, 1979-ல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் ஜேம்ஸ் லேமனின் கிடை ஊசல் வடிவமைப்பு வெளிவந்தது. இன்றும் ஆர்வலர்கள் அந்த வகையை 'லேமன்' என்றே சொல்கிறார்கள். எளிய கடைச் சாமானில் உலகத்தின் மறுகோடியைக் கேட்க முடியும் என்று காட்டிய அந்த வடிவமைப்பின் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் அலைவு நேரத்தை இஷ்டத்துக்கு நீட்ட முடியாது. அதை இரண்டு மடங்காக்கினால், தரைச்சாய்வால் எடை நகரும் தூரம் நான்கு மடங்காகிறது. 20 நொடிக் கருவியில், ஒரு கிலோமீட்டர் நீளத் தரையின் ஒரு முனை 1 மி.மீ. உயர்ந்தால் ஏற்படும் சாய்வுகூட எடையை 0.1 மி.மீ. நகர்த்திவிடும். பக்கத்தில் ஆள் வந்து நின்றாலோ, வெயிலில் சுவர் சூடானாலோ எடை இடம் மாறும். அதனால்தான் காற்றுப் புகாத பெட்டியும் உறுதியான தரையும் அவசியம். அப்புறம், அலைவைத் தணிக்கவும் வேண்டும். இல்லையென்றால் ஒரு தள்ளலுக்கே எடை வெகுநேரம் ஆடி, நிலத்தின் அசைவை மறைத்துவிடும். காந்தங்களுக்கு நடுவே ஒரு செம்புத் தகடு அசையும்படி வைத்தால் போதும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'நிலநடுக்கமானி' பரவலான சொல்தான். ஆனால் நிலநடுக்கம் இல்லாத நாளிலும் கடலலைகள் எழுப்பும் ஓயாத சிற்றதிர்வை இந்தக் கருவி பதிந்துகொண்டே இருக்கும்; வெடி, லாரி எதையும் விடாது. ஆகவே 'நில அதிர்வுமானி'யே பொருத்தம். வடமொழி வழி வந்த மானி வேண்டாம் என்பவர்கள் 'அளவி' என்று எழுதலாம். எனக்கு வெப்பமானியோடு பழகிய காதுக்கு மானி இயல்பாக இருக்கிறது. லாங் பீரியடுக்கு 'நெடு அலைவுநேர' என்ற அடை. முழுப்பெயர்: நெடு அலைவுநேர நில அதிர்வுமானி. கோடு வரைந்து காட்டும் சீஸ்மோகிராஃபை 'நில அதிர்வு வரைவி' என்று தனியாகச் சொல்லலாம். செய்திகளில் 'ரிக்டர் கருவி' என்று வருவது தவறு. ரிக்டர் என்பது நிலநடுக்கத்தின் அளவைக் குறிக்கும் அளவுகோல், அப்படி ஒரு கருவி கிடையாது.