கோழி கொத்தினாலும் புல் ஏன் திரும்ப வருகிறது?

சேலம் கொண்டலாம்பட்டியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "வீட்டுக்குப் பின்னால் ஆறு நாட்டுக்கோழி வளர்க்கிறேன். பச்சை கிடைக்கட்டும் என்று மரச்சட்டம் அடித்து, மண் நிரப்பி, மேலே கம்பி வலை போட்டு இரண்டு பெட்டி செய்தேன். ஒன்றில் கம்பு, இன்னொன்றில் தண்டுக்கீரை விதைத்தேன். வலைக்கு மேலே வந்ததைக் கோழிகள் கொத்தித் தின்றன. கம்பு மறுபடி மறுபடி வருகிறது. கீரை ஒரே வாரத்தில் மொட்டையாகி, அப்புறம் வரவே இல்லை. மண்ணும் எருவும் தண்ணீரும் இரண்டுக்கும் ஒன்றுதான். ஏன் இப்படி?"

இவ்வளவு கவனித்துக் கேட்ட கேள்விக்கு முழுதாகவே பதில் சொல்ல வேண்டும். செடி தன் உடம்பில் எந்த இடத்திலிருந்து வளர்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

முதலில் பெட்டி. கோழியைப் புல்லில் விட்டால் தின்று அழிப்பதைவிடக் காலால் கிளறி அழிப்பதுதான் அதிகம். புழு பூச்சி தேடி மண்ணைச் சீய்க்கும்போது வேர் வெளியே வந்துவிடும். வலை அந்தக் காலைத் தடுக்கிறது. நாலடிக்கு இரண்டடி சட்டம், ஆறு அங்குல உயரம் போதும். பெயின்ட் அடிக்காத பழைய பேக்கிங் மரமே நல்லது. வலை அரை அங்குலச் சதுரக் கண் உள்ள ஜி.ஐ. வெல்டு வலையாக இருக்கட்டும். அறுகோணக் கண் உள்ள கோழிவலை, கோழி ஏறி நின்றால் தொய்ந்துவிடும். வெட்டிய கம்பி முனைகளை உள்பக்கமாக மடக்கி அடியுங்கள், இல்லையென்றால் கோழியின் பாதத்தில் குத்திப் புண்ணாகிவிடும். மண்ணுக்கும் வலைக்கும் நடுவே இரண்டிலிருந்து மூன்று அங்குலம் இடைவெளி வேண்டும். மொத்த சூட்சுமமும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்பில் ஆக்குத்திசு படித்திருப்பீர்கள். புதிய செல்களைப் பிரித்துப் பிரித்துத் தரும் திசு அது. கீரை, அவரை, தக்காளி போன்ற இருவித்திலைத் தாவரங்களில் உயரமாக வளரவைக்கும் ஆக்குத்திசு தண்டின் உச்சியில் இருக்கிறது. உச்சியைக் கிள்ளினால் அந்தத் தண்டு அதோடு நிற்கும். கம்பு புல் இனம். புல்லிலோ கதை தலைகீழ். இளம் பருவத்தில் புல்லின் வளர்முனை மண்மட்டத்தை ஒட்டி, சுருண்ட இலையுறைகளுக்குள் ஒளிந்திருக்கிறது. நாம் தண்டு என்று நினைத்துப் பிடிப்பது உண்மையில் ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்ட இலையுறைகள். ஒவ்வொரு இலையும் தன் அடியிலுள்ள இடையாக்குத்திசுவிலிருந்து மேல் நோக்கித் தள்ளப்படுகிறது. நகம் வளர்கிற மாதிரிதான்: வளர்வது வேர்ப்பக்கம், வெட்டுவது நுனிப்பக்கம். புல்லிலையில் வயதான பகுதி நுனி, பிறந்த குழந்தை அடிப்பகுதி.

இதை நம்பச் சொல்லவில்லை, செய்து பாருங்கள். கம்பு நாற்றில் இன்னும் நீண்டுகொண்டிருக்கும் இளம் இலை ஒன்றை எடுத்துக்கொண்டு, அது உறையிலிருந்து வெளிவரும் இடத்திலிருந்து நுனிவரை, பால்பாயிண்ட் பேனாவால் அரை சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு நாள் கழித்து அளந்தால் புள்ளிகளுக்கு நடுவிலுள்ள தூரம் மாறியிருக்காது. ஆனால் மொத்தப் புள்ளி வரிசையும் மேலே ஏறியிருக்கும், அதன் கீழே புள்ளியே இல்லாத புத்தம்புதுப் பச்சை வந்திருக்கும். பேனாகூட வேண்டாம், பெட்டியையே பாருங்கள். நேற்று கோழி பிய்த்த இலை இன்று வலைக்கு மேலே ஒரு விரற்கடை நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனி கூராக இருக்காது, பிய்ந்த இடம் பழுப்பேறி மட்டமாக இருக்கும். நேற்றைய காயம் அப்படியே மேலே ஏறி வந்திருக்கிறது! இதை முதலில் கவனித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் குறையவில்லை. ஒரு செடியின் உடற்கூறை நுண்ணோக்கி இல்லாமல் வெறும் கண்ணால் படிக்க முடிகிறதே.

ஓர் இலை முடிவில்லாமல் நீளாது. அதன் அளவு நிறைந்ததும் நின்றுவிடும். அதற்குப் பின்னும் பெட்டி பச்சையாக இருப்பதற்குக் காரணம் இரண்டு. மறைந்திருக்கும் வளர்முனை புது இலைகளை விட்டுக்கொண்டே இருக்கிறது. கூடவே புல் தூர் கட்டுகிறது, அதாவது அடியிலிருந்து பக்கக் கிளை விடுகிறது. நெல்லிலும் கேழ்வரகிலும் தூர் வெடிப்பது விவசாயிக்குத் தெரிந்த விஷயம். ஒவ்வொரு இலையின் கக்கத்திலும் ஒரு மொட்டு தூங்கிக்கொண்டிருக்கும். அது விழித்தால் ஒரு தூர்.

அந்த மொட்டை எழுப்புவது எது? பல காரணங்கள் உண்டு, ஆனால் எனக்குப் பிடித்தது வெளிச்சத்தின் நிறம். பச்சையம் சூரிய ஒளியிலுள்ள சிவப்பை (660 நானோமீட்டர் வாக்கில்) உறிஞ்சிக்கொள்கிறது, அதற்கு அடுத்திருக்கும் தொலைசிவப்பை (730 வாக்கில்) பெரும்பாலும் விட்டுவிடுகிறது. அதனால் அடர்ந்த புல்லின் அடியில் சிவப்பு குறைந்து, தொலைசிவப்பு மிஞ்சிய வெளிச்சம்தான் இருக்கும். செடியிலுள்ள பைட்டோகுரோம் என்ற நிறமி இந்த விகிதத்தை அளக்கிறது. சிவப்பு குறைவு என்றால் "மேலே கூட்டம், இப்போது கிளைக்காதே" என்று பொருள். கோழி நுனிகளைக் கொத்தியதும் அடிவரை சிவப்பு இறங்குகிறது, மொட்டுகள் விழிக்கின்றன. அளவாகக் கொத்தினால் பெட்டி இன்னும் அடர்த்தியாவது இதனால்தான்.

வளர்பிறையில் விதைத்தால்தான் துளிர் நிற்கும், தேய்பிறையில் விதைத்தது தேயும் என்பவர்கள் எங்கள் பக்கம் நிறைய. முழுநிலவின் வெளிச்சம் சூரியனுடையதில் ஏறக்குறைய நாலு லட்சத்தில் ஒரு பங்கு. பிறையைக் குறை சொல்லி, அடர்த்தியையும் வலையின் உயரத்தையும் பார்க்காமல் விடுவது நஷ்டம். சந்தேகம் இருந்தால் ஒரே விதையை வளர்பிறையில் ஒரு பெட்டி, தேய்பிறையில் ஒரு பெட்டி என்று மாற்றி மாற்றி விதைத்துப் பாருங்கள். பெரியவர்கள் சொன்னதைச் சோதிப்பது மரியாதைக் குறைவு ஆகாது.

இனி கீரை. தண்டுக்கீரை விதை முளைக்கும்போது இரண்டு விதையிலைகளும் மண்ணுக்கு மேலே தூக்கப்படுகின்றன. விதையிலைக்குக் கீழே உள்ள தண்டில் பக்கமொட்டு கிடையாது. கீரை விதை பொடி என்பதால் நாம் நெருக்கமாகத் தூவிவிடுகிறோம். நெருக்கத்தில், அதே தொலைசிவப்பின் தூண்டலால், நாற்று மெலிந்து நீண்டு விதையிலையோடு வலைக்கு மேலே போய்விடுகிறது. கோழி ஒரு கொத்தில் விதையிலை, உச்சி, கக்கமொட்டு எல்லாவற்றையும் எடுத்துவிடும். வலைக்குக் கீழே மிஞ்சுவது மொட்டே இல்லாத வெறும் குச்சி. அதிலிருந்து எதுவும் வராது. பச்சைப்பயறும் தட்டைப்பயறும் விதைத்தாலும் இதே கதிதான்.

அப்படியானால் அரைக்கீரை அறுக்க அறுக்க வருகிறதே என்று கேட்பீர்கள். அதை நாம் அடியில் சில கணு பிடித்த பிறகுதான் அறுக்கிறோம். அந்தக் கணுக்களின் மொட்டு துளிர்க்கிறது. பெட்டியில் கீரை வேண்டுமென்றால் வலைமேல் ஒரு பலகை போட்டு மறைக்காமல், கோழி நெருங்காத இடத்தில் பெட்டியை வைத்து, கணு பிடித்ததும் கொண்டுவந்து வையுங்கள். தண்டுக்கீரையைத் தனியாக வளர்த்து, பிடுங்கி, கட்டாகக் கட்டித் தொங்கவிடுவது இன்னும் சுலபம்.

கம்புக்கும் ஓர் எல்லை உண்டு. முற்றவிட்டால் கணு நீண்டு வளர்முனையே வலைக்கு மேலே வந்துவிடும். அதற்கு முன்பே கோழியை விட வேண்டும். அடியில் எப்போதும் இரண்டு அங்குலம் பச்சை மிஞ்ச வேண்டும், அடுத்த துளிருக்கான சர்க்கரையை அதுதான் தயாரிக்கிறது. இரண்டு பெட்டி வைத்து மாற்றி மாற்றி ஓய்வு கொடுங்கள். எச்சம் வலையில் காயாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். ஆனால் சுற்றிலும் ஈரம் தேங்கவிடாதீர்கள், ரத்தக் கழிச்சலுக்கு ஈரம் பிடிக்கும்.

கோழிக்கு என்ன லாபம்? புல்லின் நாரைக் கோழியால் பெரிதாகச் செரிக்க முடியாது, அதனால் தீவனத்தை நிறுத்திவிட முடியாது. குறுகிய நுனிகள் மட்டும் கிடைப்பது நல்லது, நீளப் புல் தீனிப்பையில் சிக்கிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியும் பலன் மஞ்சள் கருவில். அந்த நிறம் லூட்டீன் போன்ற கரோட்டினாய்டுகளால் வருவது, கோழி அதைத் தானே தயாரிக்க முடியாது. மஞ்சள் கருவின் பெரும்பகுதி முட்டையிடுவதற்கு முந்தைய பத்து நாள் வாக்கில் சேர்கிறது. எனவே பச்சை கொடுத்து ஒன்றிரண்டு வாரத்தில் மாற்றம் தெரியும். இதை வைத்துப் புரதம் கூடிவிட்டது என்று சொல்லக் கூடாது. செண்டுமல்லிப் பூவின் சாறு கலந்த தீவனமும் இதே நிறத்தைத் தரும்.

1997இல் சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல்லில் கூண்டுக் கோழிக்கு ஒவ்வொரு கிராம் தீவனத்துக்கும் கணக்கு உண்டு. புழக்கடையில் ஐந்தாறு கோழி வளர்க்கும் பெண்களுக்கு அப்படி ஒரு கணக்கைத் தர அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எந்தப் புல், எந்த உயரத்தில் வலை, எத்தனை நாள் ஓய்வு என்பதைப் பார்க்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

கடைசியாக, விதைத் தேர்வு. சேலத்து வெயிலுக்குக் கம்பு, கேழ்வரகு, அருகம்புல். இவை ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய கார்பன் டை ஆக்சைடை இலைக்குள்ளேயே அடர்த்தியாக்கிக் கொடுக்கும் சி4 என்ற வகை, சூட்டில் சோர்வதில்லை. ஏற்காடு, சேலம் நகரத்தைவிட ஏறக்குறைய 1200 மீட்டர் உயரம், ஏழெட்டு டிகிரி குளுமை. அங்கே கோதுமையும் ஓட்ஸும் நன்றாக வரும். சோளம் மட்டும் எங்கேயும் வேண்டாம். இளம் சோளப் பயிரிலும் அறுத்தபின் வரும் துளிரிலும் சயனைடு விடும் பொருள் இருக்கிறது, குச்சிக்கிழங்கு இலை தின்ற ஆடு சாவதும் அதே விஷத்தால்தான். கம்பும் சோளமும் நாற்றில் பிரித்தறிவது கடினம். விதையாக இருக்கும்போதே முறத்தில் பரப்பி, பெரிய உருண்டை மணிகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு விதையுங்கள்.