வாமடை வழியாகப் போகும் உரம்

மதுரை மாவட்டத்து மேலூர், வாடிப்பட்டி பக்கம் நெல்லுக்கு மேலுரம் போட்ட மறுநாளே ஐப்பசி மழை கொட்டினால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் வாமடையை, அதாவது வரப்பில் தண்ணீர் போக விட்ட வாயை, திறந்துவிடுவார்கள். பயிர் மூழ்கக் கூடாது, சரி. ஆனால் 45 கிலோ யூரியா மூட்டையில் நைட்ரஜன் மட்டும் ஏறக்குறைய 21 கிலோ இருக்கிறது, தண்ணீரில் கரைந்த யூரியாவை மண் பிடித்து வைப்பதில்லை, அது அமோனியமாக மாறிய பிறகுதான் களிமண்ணில் ஒட்டும், அப்படி மாறுவதற்குச் சில நாட்களாவது ஆகும். அதற்குள் வடித்தால் காசு வாய்க்காலோடு போகிறது.

வயல் காய்ந்து மண்ணுக்குள் காற்றுப் புகுந்தால் வேறு கதை. பாக்டீரியாக்கள் அமோனியத்தை நைட்ரேட்டாக்கிவிடும். நைட்ரேட் எதிர்மின் கொண்டது, களிமண்ணும் அப்படியே, அதனால் ஒட்டாமல் அடுத்த தண்ணீரோடு இறங்கிவிடும். தொழி உழவு செய்த, அதாவது தண்ணீர் கட்டிச் சேறாக உழுத, வயலில் அடிமண் இறுகியிருப்பதால் கசிவு குறைவு. வாழை, மல்லிகைத் தோட்டங்களில் நைட்ரேட் கிணறு வரைக்கும் போகும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் நைட்ரேட்டுக்கு எல்லை.

அமெரிக்காவில் மக்காச்சோளக் காடுகளுக்கு அடியில் துளையிட்ட வடிகால் குழாய்களைப் புதைத்திருக்கிறார்கள், அதில் வடியும் நைட்ரேட் மிசிசிப்பி ஆறு வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்குப் போய் அங்கே மீன் வாழ முடியாதபடி ஆக்குகிறது. நம் பக்கம் வயலில் வடிவது கண்மாய்க்குப் போகும், அது நிரம்பி மறுகால் பாய்ந்தால் அடுத்த கண்மாய்க்கு.

பாஸ்பரஸ் பெரும்பாலும் மண்துகளில் ஒட்டியே பயணம் செய்யும். அதனால் தொழி அடித்த கையோடு கலங்கல் தண்ணீரை வடிப்பதுதான் மோசம். ஒருநாள் தெளியவிட்டாலே நிறைய மிஞ்சும். கண்மாயில் சேர்ந்த பாஸ்பரஸைத் தின்று பாசியும் ஆகாயத்தாமரையும் மண்டும், அவை செத்து மக்கும்போது ஆக்சிஜன் தீர்ந்து விடியற்காலையில் மீன் செத்து மிதக்கும். (ஊரை ஒட்டிய கண்மாய்களில் சாக்கடைக்கும் பெரிய பங்கு உண்டு, எல்லாப் பழியையும் விவசாயி தலையில் கட்ட முடியாது.)

கோடையில் கண்மாய்க் கரம்பையை (அடியில் படிந்த வண்டலை) வண்டி வண்டியாக அள்ளி வயலில் அடிப்பார்களே, அதில் அந்தப் பாஸ்பரஸில் ஒரு பகுதி வயலுக்கே திரும்பிவிடுகிறது. நைட்ரேட் அப்படித் திரும்பாது: கொஞ்சம் கண்மாய்ச் சேற்றில் வாயுவாகிப் போகும், மற்றது தண்ணீரோடு போகும். அதைக் குறைக்க ஒரு வழி, மழைக் குறி தெரிந்தால் யூரியாவைத் தள்ளிப்போட்டு, வரப்பை ஒரு சாண் உயர்த்தி, பயிர் மூழ்காத அளவுக்கு மட்டும் வடிப்பது.