விமான நிலையத்தில் தெரியவரும் விசாப் பிழைகள்

இரவு பதினொன்றரை மணிக்கு அந்த அழைப்பு வந்தது. பணி ஓய்வு பெற்ற தம்பதியர். இருவருக்கும் அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். விமான நிறுவனக் கவுண்டரில் கணவருக்கு போர்டிங் பாஸ் கொடுத்தவர்கள் மனைவிக்கு மறுத்துவிட்டார்கள். இ-விசா அனுமதிக் கடிதங்களை வண்ணத்தில் அச்சிட்டு, கசங்காமல் இருக்க லாமினேட் செய்து எடுத்துப் போயிருந்தார்கள். அந்த அம்மாவின் கடிதத்தில், பாஸ்போர்ட் எண்ணின் நடுவே 63 என்று இருக்க வேண்டிய இடத்தில் 36 என்று இருந்தது. கடிதம் மின்னஞ்சலில் வந்து எட்டு நாட்கள் ஆகியிருந்தன. இருவருமே பெட்டிகளோடு வீடு திரும்பினார்கள்.

விண்ணப்பத்தை அவர்களே நிரப்பியிருந்தார்கள். அது தவறே இல்லை. பல நாடுகளின் சுற்றுலா விசாவை யார் உதவியும் இல்லாமல் வீட்டிலிருந்தே பெற்றுவிடலாம் என்று விசா உதவி கேட்டு என்னிடம் வருகிறவர்களுக்கும் சொல்கிறேன். ஆனால் கவுண்டரில் விண்ணப்பம் கொடுத்த காலத்தில் எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். பாஸ்போர்ட்டையும் படிவத்தையும் அருகருகே வைத்துப் பார்த்து, எண் தப்பென்றால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவார். பல இணையப் படிவங்களில் அந்த ஆள் இல்லை. நீங்கள் தட்டச்சு செய்ததே அனுமதிக் கடிதத்தில் ஏறுகிறது. இரண்டையும் முதன்முதலாக ஒப்பிடுபவர் விமான நிறுவன ஊழியர் என்றாகிவிடுகிறது. உரிய ஆவணம் இல்லாத பயணியை ஏற்றிச் சென்றால் பல நாடுகள் விமான நிறுவனத்துக்கு அபராதம் விதிக்கின்றன. அவரைத் திருப்பி அழைத்துச் செல்லும் பொறுப்பும் நிறுவனத்தின் மேல் விழும். எவ்வளவு கெஞ்சினாலும் அந்த ஊழியரால் ஒன்றும் செய்ய முடியாது.

பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில் அடியில் இரண்டு வரிகள் இருக்கும். வரிக்கு 44 இடங்கள். எந்திரம் படிப்பதற்காக அச்சிட்டவை என்று பலர் அவற்றைக் கவனிப்பதே இல்லை. குடியேற்ற அதிகாரியின் கருவி படிப்பது அவற்றைத்தான். இரண்டாம் வரியின் தொடக்கத்தில் பாஸ்போர்ட் எண், சற்றுத் தள்ளிப் பிறந்த தேதி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில். முதல் வரியில் குடும்பப் பெயர் முன்னால் வரும். இரண்டு அம்புக்குறிகளுக்குப் பிறகு இயற்பெயர். படிவத்தில் எந்தப் பெயர் எந்தக் கட்டத்துக்குப் போகும் என்று குழப்பம் வந்தால் இந்த வரியைப் பின்பற்றுங்கள். நீங்கள் வழக்கமாகக் கையெழுத்திடும் விதமோ வங்கிக் கணக்கில் உள்ள பெயரோ இங்கே உதவாது.

பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இயற்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாப் படிவத்தில் 'எஃப்என்யூ' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை இடச் சொல்கிறார்கள். ஒற்றைப் பெயர் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. டிக்கெட் வாங்குவதற்கு முன்பே அந்த நாட்டின் விதியைப் பார்த்துவிடுங்கள்.

ஒரே கணினியில் குடும்பத்தினர் அனைவருக்கும் விண்ணப்பிக்கும்போது இன்னோர் ஆபத்து உண்டு. முதல் படிவத்தில் இட்ட விவரங்களை உலாவி நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்தவர் படிவத்தில் தானாகவே நிரப்பிவிடும். அப்பாவின் பிறந்த தேதியோடு மகனுக்கு விசா வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எந்தத் தளத்தில் விண்ணப்பிக்கிறீர்கள் என்பதும் முக்கியம். தேடலில் முதலில் வருபவை பெரும்பாலும் விளம்பரங்கள். தேசியக் கொடி, முத்திரை எல்லாம் வைத்து அரசுத் தளம் போலவே தோற்றம் தருவார்கள். கட்டணத்தைப் பல மடங்கு வாங்கிக்கொண்டு நீங்கள் தந்த விவரங்களை அரசுத் தளத்தில் அவர்கள் தட்டச்சு செய்வார்கள். சிலர் அதையும் செய்வதில்லை. பாஸ்போர்ட் நகலும் கார்டு எண்ணும் அவர்களிடம் போய்விட்டன என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. முகவரியில் அரசுத் தளத்தைக் குறிக்கும் 'காவ்' என்ற ஆங்கிலச் சொல் எங்கோ இருந்தால் போதும் என்று நம்பிவிடாதீர்கள். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் முகவரி எப்படி முடிகிறது என்று பாருங்கள். முன்பகுதியில் 'காவ்' போட்டுக் கடைசியில் டாட் காம் என்று முடிந்தால் அது பெரும்பாலும் தனியார் தளம். எல்லா நாடுகளும் 'காவ்' பயன்படுத்துவதில்லை என்பதால், அந்த நாட்டுத் தூதரகத்தின் தளத்துக்குப் போய் அங்குள்ள இணைப்பு வழியாக நுழைவதே பாதுகாப்பு. வேறொருவர் விண்ணப்பித்துத் தந்தாலும் மின்னஞ்சல் முகவரி உங்களுடையதாக இருக்கட்டும்.

படிவத்தில் ஒரு கேள்வியை மட்டும் தயவுசெய்து அவசரப்பட்டுக் கடக்காதீர்கள். இதற்கு முன் எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டதா? பத்து ஆண்டுகளுக்கு முன் நடந்தது, யாருக்குத் தெரியப்போகிறது என்று 'இல்லை' என்று குறிக்கச் சொல்லும் முகவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆலோசனையை ஏற்காதீர்கள். சில நாடுகள் இந்தத் தகவலைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. பழைய மறுப்பை விளக்கத்தோடு சொன்னவர்களுக்கு விசா கிடைத்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மறைத்தது தெரிந்தாலோ, கனடா 5 ஆண்டுகள் தடை விதிக்கும். பிரிட்டனில் அது 10 ஆண்டுகள் வரை போகலாம். அமெரிக்காவில் வாழ்நாள் தடையே உண்டு. படிவத்தை முகவர் நிரப்பினாலும் உறுதிமொழி உங்களுடையது.

படிவம் போய்ச் சேர்ந்தாலே விசா கிடைத்துவிட்டதாக நினைப்பவர்களும் உண்டு. அமெரிக்காவுக்கு அது நேர்காணலுக்கு முந்திய படி மட்டுமே. ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளுக்கும் முதல்முறை விரல்ரேகை தர நேரில் போயாக வேண்டும். அந்த நாடுகளுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாட்களாவது முன்பாக. அனுமதி வந்த பின் அதிலுள்ள தேதிகளைப் படியுங்கள். விசா செல்லுபடியாகும் காலம் வேறு, தங்க அனுமதித்த நாட்கள் வேறு. மூன்று மாதம் செல்லும் விசாவில் 30 நாட்கள் மட்டுமே தங்க அனுமதி இருக்கலாம். ஒருமுறை நுழைவு என்று இருந்தால் பக்கத்து நாட்டை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி நுழைய முடியாது.

பிழை இருப்பது முன்கூட்டியே தெரிந்தால் பெரும்பாலும் வழி இருக்கிறது. சில நாடுகள் திருத்தம் கேட்டு எழுத இடம் தருகின்றன. மற்றவற்றில் மறுபடி கட்டணம் கட்டிப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அச்சிட்ட கடிதத்தில் பேனாவால் திருத்துவதை மட்டும் செய்துவிடாதீர்கள். அது ஆவணத்தைத் திருத்திய குற்றமாகிவிடும்.

அந்த அம்மாவும் மறுநாள் காலையில் புதிதாக விண்ணப்பித்தார். நான்காம் நாள் கடிதம் வந்ததும் எனக்குப் போன் செய்து, பாஸ்போர்ட்டைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, கடிதத்தில் இருந்த எண்ணை ஒவ்வோர் இலக்கமாக வாசித்தார். ஒவ்வொன்றுக்கும் "சரி" என்று அவர் கணவர் பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.